போனைப் போடச் சொன்ன மெர்சி அக்கா

அலுவலக வாட்ஸப் குழுவில் காலையில் ஒரு வரி வந்தது: "மெர்சி இஸ் நோ மோர்." புரியாத ஆங்கிலம் வந்தால் மெர்சி அக்காவுக்கு அனுப்பி, "என்ன சொல்றாங்க அக்கா?" என்று கேட்பது என் வழக்கம். அன்றும் விரல் அவர் பெயரைத் தேடிப் போனது. அப்புறம்தான் உறைத்தது, இறந்ததே அக்காதான் என்று. காய்ச்சல் என்று விடுப்பில் போனவர் திரும்பி வரவில்லை.

ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி ஏற்றுமதி செய்யும் எங்கள் அலுவலகத்தில் என் பக்கத்து நாற்காலி அவருடையது. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வருவார். நான் மம்சாபுரம், வீட்டில் முதல் பட்டதாரி. ஆங்கிலத்தைப் பரீட்சைக்குப் படித்தவள். அந்த மொழியில் யாரும் கேலி செய்தோ கோபப்பட்டோ நான் கேட்டதில்லை. அதனால் புரியாத செய்தி எது வந்தாலும், முந்திக்கொண்டு "சாரி சார்" என்று அனுப்பிவிடுவேன்.

ஒருமுறை ஆஸ்திரேலியாவில் எங்கள் துணியை வாங்கும் டேவ், "மேட், யூ லாட் ஆர் அன்ரியல்!" என்று எழுதியிருந்தார். அகராதியில் பார்த்தேன், 'அன்ரியல்' என்றால் உண்மையில்லாதது. போலித் துணி என்கிறாரோ? வேலை போய்விடுமோ? சாரி அனுப்பினேன். உடனே இன்னொரு சாரியும் அனுப்பினேன்.

எட்டிப் பார்த்த அக்கா, தமக்கும் விளங்கவில்லை என்றார். நேரே டேவை அழைத்து, "ஆர் யூ ஆங்ரி, சார்?" என்று கேட்டார். அந்தப் பக்கம் வெடித்த சிரிப்பு எனக்கே கேட்டது.

"ஏட்டி, அவங்க ஊர்ல அன்ரியல்னா பிரமாதம்னு அர்த்தமாம். சரக்கு சீக்கிரம் போயிருச்சுன்னு மனுசன் உன்னைப் பாராட்டிருக்காரு. நீ மன்னிப்புக் கேட்டுட்டு இருக்க!"

"எழுத்தைப் பார்த்தா திட்டுற மாதிரி இருந்துச்சுக்கா."

"எழுத்துல மூஞ்சி தெரியாது. போனைப் போடு. குரலைக் கேளு. அதுவும் விளங்கலைன்னா, விளங்கலைன்னு சொல்லு. தின்னுடவா போறாரு?"

பிறகொரு நாள் அவரே டேவின் எண்ணைப் போட்டு, போனை என் காதில் வைத்தார். "ஹலோ" என்ற குரலைக் கேட்டதும் துண்டித்துவிட்டேன். "இன்னைக்கு உன்னை விட்டுட்டேன். ஒருநாள் நீதான் பேசணும்" என்று சிரித்தார்.

அவரை அடக்கம் செய்த மறுநாள், அவருடைய வேலைகளையும் அலுவலகப் போனையும் முதலாளி என்னிடம் ஒப்படைத்தார். மதியம் அந்தப் போனில் டேவின் செய்தி வந்தது: "ஓய் மெர்சி, யூ ஹைடிங் ஃப்ரம் மீ?" ஒளிந்துகொண்டாயா என்று விளையாட்டாகக் கேட்கிறார், அவருக்கு விஷயம் தெரியாது. சாரி என்று அடித்தேன். அழித்தேன். இதை எழுத்தில் எப்படிச் சொல்வது?

போனைப் போட்டேன்.

"ஹேய், மெர்சி!" என்றார் உற்சாகமாக. நான் யார் என்று சொன்னேன். பிறகு திக்கித் திக்கி, மெர்சி இறந்துவிட்டார் என்றேன். எப்போதும் வேடிக்கையாகவே பேசுபவர், மெதுவாக, "ஐ ஆம் சாரி" என்றார்.

அக்கா, அந்தக் குரல் எனக்கு விளங்கியது. போனை வைத்ததும் பழக்கத்தில் உங்கள் நாற்காலிப் பக்கம்தான் திரும்பினேன், சொல்வதற்கு. துண்டிக்கவில்லை, அக்கா. கடைசிவரை பேசினேன். நிம்மதியாகத் தூங்குங்கள்.