முட்டை இட்ட நேர்த்திச் சேவல்

போன வெள்ளிக்கிழமை காலை, முருகனுக்கு நேர்ந்த சேவல் முட்டை இட்டது.

சிரிக்காதீர்கள். அந்த நேரம் எங்கள் ஒழுங்கையில் எந்த வீட்டிலும் ஒருவரும் சிரிக்கவில்லை. கோயிலுக்குப் போக ஓட்டோ வாசலில் நிற்கிறது. மஞ்சள் தண்ணீர் தெளித்துக் கடகப் பெட்டியில் வைத்திருந்த சேவலைப் பக்கத்து வீட்டு மலர் அக்கா தூக்குகிறார். அடியில் ஒரு முட்டை... இளஞ்சூட்டோடு!

மலர் அக்காவின் மகள் துளசிக்குக் கலியாணமாகிக் கனகாலம் பிள்ளை இல்லை. ஒருவழியாகக் கரு தங்கியபோது, படுக்கையை விட்டு எழும்பக் கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். அன்றைக்கே அக்கா நேர்த்தி வைத்தார். பிள்ளைப்பேறு முடிந்து இரண்டு உயிரும் சுகமாக இருந்தால், முப்பத்தோராம் நாள் கழிந்து துடக்குத் தீட்டுப் போனதும் முருகனுக்கு ஒரு சேவல். அதுவும் சொந்த வீட்டு வளவில் வளர்ந்த சேவல். சந்தையில் வாங்கியது ஆகாது!

எங்கள் உரும்பிராயில் வளவுக்கு வளவு கோழி உண்டு. கோழியை விட அதிகமாக, குஞ்சு ஆணா பெண்ணா என்று சொல்லத் தெரிந்தவர்கள் உண்டு. காலில் பிடித்துத் தலைகீழாகத் தூக்கு, செட்டை இரண்டையும் விரித்து அடித்தால் சேவல் என்பார் ஒருவர். கூர் முட்டையில் வந்தது சேவல் என்பார் இன்னொருவர். நூலில் மோதிரம் கட்டிக் குஞ்சின் தலைக்கு மேல் பிடிக்கிறவர்களும் இருக்கிறார்கள். மோதிரம் சுற்றினால் ஒன்று, ஆடினால் மற்றது. எது எதற்கு என்பது அவர்களுக்கே மறந்துபோகும்.

மலர் அக்காவின் கணவர் செல்வம் அண்ணை, செட்டைக் கட்சி. அடைக்கோழியின் குஞ்சுகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். ஒன்று விசிறி மாதிரி அடித்தது.

"இவர்தான்!" என்றார்.

அவ்வளவுதான். கையளவு குஞ்சு அந்த வினாடியிலிருந்து 'அவர்' ஆகிவிட்டது. முதல் அரிசி அவருக்கு. அவரை விளக்குமாற்றால் கலைக்கக் கூடாது. செட்டை அடிக்காமல் தொங்கிக்கொண்டு கிடந்த ஒன்றை அக்கா வேலிக்கு மேலால் எனக்குத் தந்தார். "இது பேடு, பிள்ளை. முட்டைக்கு வைச்சிரு."

நான் அதிகம் கதைக்கிறவள் இல்லை. வாரா வாரம் இந்தப் பத்தியில் உங்களோடு அலட்டுவதெல்லாம் பேனா தரும் துணிச்சல். கதைக்காதவர்களுக்கு ஒரு வசதி — பார்க்க நேரம் கிடைக்கும். சேவல் என்றால் இரண்டு மாதத்தில் கொண்டை சிவக்கும், கால் தடிக்கும். இன்னும் கொஞ்சம் போனால் கழுத்துச் சிறகு கூர்கூராக நீளும். என் 'பேடு' அப்படித்தான் வளர்ந்தது. அக்காவின் 'அவருக்கோ' கொண்டை கொஞ்சம் பெரிது, உண்மைதான். ஆனால் கழுத்துச் சிறகெல்லாம் வட்டம்.

ஒரு நாள் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கேட்டேன்.

"அக்கா... உவரின்ரை கழுத்துச் சிறகைப் பாத்தனீங்களே?"

"ஏன், வடிவாத்தானே இருக்கு?"

"இல்லை... வட்டமாக் கிடக்கு. சிலவேளை பேடோ எண்டு..."

"வாயைக் கழுவு பிள்ளை! முருகனுக்கெண்டு நேர்ந்து விட்டது. சேவலோ பேடோ எண்டு முருகனுக்குத் தெரியாதே?"

நான் என் 'பேட்டுக்கு' அரிசி போடப் போய்விட்டேன்.

பிறகு ஒரு விடியற்காலை, அக்காவின் முகம் வேலிக்கு மேலே உதித்தது. "கேட்டனியே பிள்ளை? அவர் கூவுறார்!"

கூவியது என் வளவில் நின்ற 'பேடு'. ஆனால் அன்றைக்குத் துளசியை ஸ்கானுக்குக் கூட்டிப்போகும் நாள். நல்ல சகுனம் என்று அந்த முகம் அப்படிப் பூரித்துப்போய் நின்றது. நான் என்ன செய்ய?

"ஓம் அக்கா" என்றேன்.

குஞ்சு பார்த்த அதே ஆட்கள் துளசியின் வயிற்றையும் பார்த்தார்கள். வயிறு கூராக இருக்கிறது, ஆம்பிளைப் பெடியன்தான் என்று ஒழுங்கையே தீர்ப்புச் சொன்னது. பிறந்தது பெட்டைப் பிள்ளை. தங்கம் போல ஒரு பெட்டை! எனக்கு ஒன்று விளங்குவதில்லை. கோழி குஞ்சு பொரித்தால் எல்லாம் பேடாக இருக்க வேண்டும் என்கிறோம், சேவல் கூடினால் முகம் சுளிக்கிறோம். வீட்டில் பிள்ளை பிறக்கப்போகிறது என்றால் மட்டும் ஏன் கணக்கு மாறிப்போகிறது?

சரி, முட்டைக்கு வருவோம்.

மலர் அக்கா படியிலேயே குந்திவிட்டார். "ஐயோ முருகா... நேர்த்தி பிழைச்சுப் போச்சே! பிள்ளைக்கு ஒண்டும் வந்திடக் கூடாதே..."

"செட்டை அடிச்சதுதானே" என்றார் செல்வம் அண்ணை, மெதுவாக.

"உங்கடை செட்டை! இனி இந்த வளவிலை ஒரு குஞ்சிலை கை வைச்சுப் பாருங்கோ!"

"சந்தையடியிலை ஒண்டு வாங்கிக்கொண்டு போவமே அக்கா?" என்றார் ஓட்டோக்காரர்.

"வளவிலை வளந்ததெண்டெல்லோ நேர்ந்தனான்!" என்று அக்கா அழத் தொடங்கினார். ஓட்டோவுக்குள் பிள்ளையோடு இருந்த துளசியின் கண்ணும் கலங்கியது. பச்சை உடம்புக்காரி. எனக்குத் தாங்கவில்லை.

"அக்கா! சேவல் என்னட்டை இருக்கு!"

என் குரல் இவ்வளவு பெரிது என்று எனக்கே அன்றைக்குத்தான் தெரியும். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். வியர்த்துவிட்டது. ஆனாலும் விடவில்லை. "நீங்கள் தந்த குஞ்சுதான். அண்டைக்கு விடியக் கூவினதும் அவர்தான்."

"அப்ப ஏன்டி இவ்வளவு நாளும் சொல்லேல்லை?"

"நீங்கள்தானே வாயைக் கழுவச் சொன்னீங்கள்..."

முதலில் சிரித்தது துளசி. பிறகு ஓட்டோக்காரர். செல்வம் அண்ணை சிரிக்கலாமா என்று மனைவியைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். அக்கா மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டு யோசித்தார்.

"ஆனா உது உன்ரை வளவிலை எல்லோ வளந்தது?"

"வேலி நாங்கள் போட்டது அக்கா. முருகன் போட்டதில்லையே?"

அக்கா எழும்பிச் சேலையை உதறினார். "பிடிச்சுக்கொண்டு வா!"

கோயிலில் ஐயர் சேவலை வாங்கியதும், அது கழுத்தை நீட்டிச் சந்நிதி அதிரக் கூவியது. சந்தேகம் தீர்ந்தது. திருநீறு பூசிய பேத்தியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அக்கா மறுபடி அழுதார். அந்த அழுகையைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

நேற்று வேலிக்கு மேலால் ஒரு கை வந்தது. கையில் இரண்டு மாதக் குஞ்சு.

"பிள்ளை, உன்ரை வளவிலை இனிச் சேவல் இல்லையெல்லோ? இந்தா, வைச்சிரு. இந்த மனிசனை நம்பாமல் நானே தலைகீழாப் பிடிச்சுப் பாத்தனான். என்ன அடி அடிக்குது தெரியுமே! அசல் சேவல்!"

வாங்கிப் பார்த்தேன். கால் ஈர்க்கு மாதிரி. கொண்டையில் சிவப்பின் சிலமனே இல்லை.

"ஓம் அக்கா, சேவல்தான்" என்றேன்.

வள்ளி என்று பெயர் வைத்திருக்கிறேன்.