வளைவில் நின்ற கொம்பன்

கூடலூரிலிருந்து மழையோடு மழையாகப் பந்தலூர் வந்து இறங்கியபோது மணி நாலைத் தாண்டிவிட்டது. எஸ்டேட் ஒன்றில் வேலை பார்க்கும் நண்பரைப் பார்க்க அங்கிருந்து ஜீப் ஏறினேன். நெல்லியாளம் நகராட்சிப் பலகையைக் கடந்த பிறகும் நகரம் எதுவும் வரவில்லை. தேயிலைச் சரிவு, அதையொட்டி இருண்ட மழைக்காடு, மறுபடி தேயிலை. ஒரு பக்கம் முதுமலை, இன்னொரு பக்கம் வயநாட்டுச் சரணாலயம். இரண்டுக்கும் நடுவே யானைகள் நடக்கும் வழியில்தான் இங்கே ஜனங்கள் குடியிருக்கிறார்கள்.

ஜீப்பில் என்னைத் தவிர ஒரே ஒருவர், சரோஜா. கொழுந்து பறிப்பவர். ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு, எஸ்டேட் தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்.

ஒரு வளைவில் டிரைவர் பஷீர் சட்டென்று நிறுத்தி, இன்ஜினை அணைத்தார். மூடுபனிக்குள் நின்றதைப் பாறை என்று நினைத்தேன். பாறை காதை அசைத்தது.

"கொம்பன்" என்றார் பஷீர், குரலே எழாமல்.

சரோஜா என் கையைப் பிடித்துக்கொண்டார். "எம்புள்ள பள்ளிக்கூடம் விட்டு இந்த ரோட்டுலதான் எதுக்க நடந்து வருங்க..."

"ஏனுங்க, ஹாரன் அடிச்சு வெரட்டுனா என்னங்க?" என்று பஷீரிடம் கேட்டேன்.

"வேண்டா சாரே. வெரட்டுனா புள்ளைங்க வர்ற பக்கம்தான் ஓடும். சேச்சி, எறங்கிடாதீங்க."

போனில் சிக்னல் இல்லை. சாணமும் ஈரமும் கலந்த வாடை உள்ளே வந்தது. யானை அப்படியே திரும்பிப் போய்விட வேண்டும் என்று மனதுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் சரோஜா முணுமுணுத்தது அப்போதுதான் காதில் விழுந்தது.

"இங்கிட்டு வா சாமி. எங்க பக்கமே வந்துரு."

அது வந்தது. தந்தம் பானெட்டுக்கு மேலே நீண்டது. ஜீப் ஒருமுறை குலுங்கியது. பிறகு யானை பக்கவாட்டில் உரசிக்கொண்டு தேயிலைக்குள் இறங்கி மறைந்தது.

பஷீர் வண்டியைப் பறக்கவிட்டார். கொஞ்ச தூரத்தில், கொழுந்து எடை போடும் கொட்டகைக்குள் பிள்ளைகளையெல்லாம் பெண்கள் அடைத்து வைத்திருந்தார்கள். சரோஜாவின் மகள் சிரித்துக்கொண்டே வெளியே வந்தாள்.

"ஏம்மா அழுவுற?"

"ஆஸ்பத்திரில ஊசி போட்டாங்க புள்ள. வலிக்குது."

மறுநாள் காலை திரும்பும்போது அதே சாலையில் பிள்ளைகள் கூட்டமாகப் பள்ளிக்கு நடந்துகொண்டிருந்தார்கள். திருப்பூரில் என் மகள் தெருமுனைக் கடையிலிருந்து வரத் தாமதித்தாலே நான் செருப்பைக்கூடப் போடாமல் ஓடுவேன். மேலே, தேயிலைக்கு நடுவே சரோஜா நின்றிருந்தார். கையசைத்தேன். அவர் என்னைக் கவனிக்கவில்லை. பிள்ளைகளைப் பனி மூடும் வரை, பறித்த கொழுந்தைக் கூடையில் போடாமல் கையிலேயே வைத்திருந்தார்.