பாசி அடை

பெற்ற பிள்ளையை ஏமாற்றிக் கீரை தின்ன வைத்தால் அது பொய்யில் சேருமா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

நான் திருச்சியில் பள்ளி ஆசிரியை. என் கணவருக்கு ரயில்வே ஆபீஸில் வேலை. இருவரும் பஸ் பிடித்து ஸ்ரீரங்கம் வந்து சேர மணி ஆறாகிவிடும். அதற்குமேல் குழம்பு, கறி என்று தனித்தனியாக வைக்கத் தெம்பிருக்காது. காலையிலேயே அரிசியும் பருப்பும் ஊறவைத்துவிட்டுப் போனால், வந்ததும் கரகரப்பாக அரைத்து அடை வார்த்துவிடலாம்.

எங்கள் ஐந்து வயது மகளுக்குச் சோகை, தினம் கீரை கொடுங்கள் என்று புத்தூர் டாக்டர் சொல்லியிருந்தார். அவளோ அடையிலிருந்து முருங்கை இலையைப் பொறுக்கி அப்பா தட்டில் போடுவாள். அவர் அதை என் தட்டுக்குத் தள்ளுவார்.

ஒரு நாள் கீரையையும் மாவோடு சேர்த்து அரைத்துவிட்டேன். அடை பச்சைப் பசேலென்று வந்தது.

"என்னம்மா இது?" என்றாள் மகள்.

நான் அடுத்த அடையைத் திருப்பிப் போட்டேன். அவர்தான், "படித்துறைப் பாசிடா கண்ணு. வழுக்கும், கெட்டியாப் பிடிச்சுக்கோ" என்றார்.

சிரித்துக்கொண்டே இரண்டு அடை தின்றாள். அன்றிலிருந்து தினம் பாசி அடைதான். முகத்தில் கொஞ்சம் களையும் வந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை காவிரிக்குக் குளிக்கப் போனோம். படியில் இருந்த பாசியை விரலால் வழித்து வாய்க்குக் கொண்டுபோனாள். பாய்ந்து கையைத் தட்டிவிட்டேன்.

"வீட்டுல மட்டும் நீயே குடுக்கறே!" என்று அழுதாள்.

"நியாயமான கேள்வி. பதில் சொல்லுங்க டீச்சர்" என்றார் அவர், ஒன்றும் அறியாதவர் போல.

உண்மையைச் சொன்னால் அடையைத் தொடமாட்டாள். சொல்லாவிட்டால் ஆற்றங்கரையில் எனக்கு நிம்மதியில்லை. பிள்ளை வளர்த்துத் தேறிய வாசகிகளே, இதை அவளிடம் எப்படிச் சொல்வது என்று எழுதுங்களேன்.