பெட்ரோல் இல்லாத காரில் ஆரணிக்கு

நான் கார் எடுத்தால் சத்தம் வராது. தெற்கு ஜெர்மனியில் நான் குடியிருக்கும் இந்தச் சிறிய ஊரில் எதிர்வீட்டு ஹெர் ப்ரூனருக்கு அது இன்னும் பழகவில்லை. ஒரு காலையில் அவர் வேலியோரம் வந்து, "வோ லாடன் ஸீ?" என்று கேட்டார். 'லாடன்' என்றால் கடை என்று வகுப்பில் படித்திருந்தேன். மளிகைக்கடையைத்தான் கேட்கிறார் என்று நினைத்து, தெருமுனையில் இருக்கிறது, ஏழு மணிக்கு மூடிவிடுவார்கள் என்றேன். அவர் முகத்தில் பரிதாபம் தெரிந்தது. மறுநாள் அவருடைய கராஜிலிருந்து ஒரு மின்கம்பி என் வாசல்வரை வந்துகிடந்தது. எங்கே சார்ஜ் போடுகிறீர்கள் என்றுதான் கேட்டிருக்கிறார். ஏழு மணிக்குமேல் எனக்குக் கரண்ட் கிடைக்காது என்று எண்ணிவிட்டார்.

அவருக்கு நான் விளக்கியிருக்க வேண்டும். நான் வேலை செய்யும் கார் கம்பெனி எனக்குக் கொடுத்திருப்பது பிளக்-இன் ஹைப்ரிட் ஸ்போர்ட்ஸ் கார். சார்ஜ் தீர்ந்தால் பெட்ரோல் எஞ்சின் எழுந்துகொள்ளும். அது எழும் அந்த நொடி ஓட்டுபவருக்குத் தெரியாதபடி செய்வதுதான் என் வேலை. கேன்டீனில் இதைப் பற்றித் தினமும் சண்டை. ஒரு காருக்குள் இரண்டு இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு அலைகிறோம், முழு எலெக்ட்ரிக்தான் நேர்மையானது என்பார்கள் ஒரு மேசையில். அந்த உறுமல் போனால் அது ஸ்போர்ட்ஸ் காரே இல்லை என்பார்கள் இன்னொரு மேசையில். நான் இரண்டு மேசையிலும் உட்கார்ந்து எழுந்திருக்கிறேன். எங்கள் பிரிவு இன்னும் எத்தனை காலம் இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. எலெக்ட்ரிக் பிரிவுக்கு மாறிக்கொள் என்று மேலாளர் சொல்லி மாதங்கள் ஆகியும் நான் பதில் சொல்லவில்லை.

ஆனால் ஆரணியில் இருக்கும் தம்பிக்கு ஒரே நிமிடத்தில் பதில் சொல்லியிருந்தேன். சரவணன் டாக்ஸி ஓட்டுகிறான். பட்டு வியாபாரிகளைக் காஞ்சிபுரத்துக்கும் சென்னைக்கும் கூட்டிப்போய் வருவான். பழைய டீசல் வண்டியை விற்கும்போது போன் செய்தான். "அக்கா, பெட்ரோலு, பேட்டரி ரெண்டும் இருக்கிற வண்டி எடுக்கட்டா? இல்ல முழுக்க கரண்ட் வண்டியா?"

"கரண்ட் வண்டியே எடுடா. ரெண்டு மெஷின் இருந்தா ரெண்டு தலைவலி" என்றேன். கேன்டீனில் காதில் விழுந்ததைத்தான் என் கருத்துபோலச் சொன்னேன்.

போன வருடம் விடுமுறைக்குப் போனபோது, அவனே அந்தக் காரில் வந்து என்னைச் சென்னை விமான நிலையத்தில் ஏற்றிக்கொண்டான். நேராகத் தேவிகாபுரம் போனோம். அவன் மனைவி கலைவாணி பிரசவத்துக்காக அங்கே தாய்வீட்டில் இருந்தாள். போய்ச் சேர்ந்த சற்று நேரத்தில் மழை பிடித்தது, டிரான்ஸ்ஃபார்மர் வெடித்தது. மறுநாள் காலையிலும் கரண்ட் வரவில்லை. பத்து மணிக்கு, நாள் குறித்ததற்கு மூன்று வாரம் முன்பே, கலைவாணிக்கு வலி எடுத்தது.

ஆம்புலன்ஸ் தொலைவில் வேறொருவரை ஏற்றப் போயிருந்தது. ஊரில் இருந்த ஒரு காரும் கல்யாணத்துக்குப் போய்விட்டது. எங்கள் காரில் ஒன்பது சதவீதம் இருந்தது. இன்னும் முப்பத்தொரு கிலோமீட்டர் ஓடும் என்றது திரை. ஆரணிக்கும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

"நான் ஓட்டறேன்" என்றேன். சரவணன் மறுபேச்சில்லாமல் சாவியைக் கொடுத்தான். முன்சீட்டில் என் பக்கத்தில் ஏறிக்கொண்டான்.

ஏ.சி.யை அணைத்துக் கண்ணாடிகளை இறக்கினேன். நாற்பதுக்கு மேல் போகவில்லை. வேகத்தடை தெரிந்ததும் வெகுமுன்பே காலை எடுத்தேன். அப்படி வேகம் குறையும்போது கொஞ்சம் கரண்ட் பேட்டரிக்குத் திரும்பும். பின்னால் ஒரு தனியார் பஸ் ஹாரனை விடாமல் அடித்து, திட்டிக்கொண்டே தாண்டிப்போனது. பின்சீட்டில் கலைவாணி தன் அம்மாவின் தோளைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாக்கா, மாட்டுவண்டி மாதிரி போய்கினு இருக்க. ஜல்தி போக்கா."

"வேகமா போனா போய்ச் சேரமாட்டோம்டா."

"அண்ணி சொல்றபடி போகட்டும்ங்க" என்றாள் கலைவாணி, பல்லைக் கடித்தபடி. அவள் அப்படிச் சொன்னதில் என் பயம்தான் கூடியது. மூன்று சதவீதத்தில் திரையில் ஆமைப் படம் வந்தது. மிதித்தாலும் இனி வேகம் எடுக்காது என்று அர்த்தம். என் வலதுகால் தன்னையறியாமல் எதையோ தேடியது. எஞ்சின் எழுந்துகொள்ளும் என்று காத்திருந்தேன். எழுந்துகொள்ள அங்கே எஞ்சின் இல்லை. இத்தனை வருடத்தில் ஒருநாள்கூட நான் பேட்டரியை மட்டும் நம்பிச் சாலையில் போனதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

அரிசி ஆலைகளைத் தாண்டி ஆஸ்பத்திரி வாசலில் நின்றபோது ஒரு சதவீதம் இருந்தது. பகல் ஒரு மணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. எடை கொஞ்சம் குறைவு. குரல் குறைவில்லை.

"பெட்ரோல் வண்டியா இருந்தா அப்பவே வந்து டீ குடிச்சிருப்போம்" என்றார் கலைவாணியின் அம்மா, யாரையும் பார்க்காமல். அவர் சொன்னதில் தவறில்லை. நான் வராந்தாவில் நடந்துகொண்டே இருந்தேன்.

சரவணன் பக்கத்தில் வந்தான். "நான் ஓட்டியிருந்தா எண்பதுல மிதிச்சிருப்பேன். பாதியில நின்னிருக்கும்."

"நான்தானே உன்னை இந்த வண்டி எடுக்க வச்சேன்."

அவன் சிரித்தான். "நீ சொன்னதுக்கா எடுத்தேன்? டீசல் வண்டிய நாளெல்லாம் ஓட்டினா சாயந்தரம் தல வெடிக்கும்க்கா. அந்த அதிர்வு இதுல இல்ல. முன்னாடியே முடிவு பண்ணிட்டேன். உன்ன ஒரு வார்த்த கேட்டா நீ சந்தோஷப்படுவன்னு அம்மா சொல்லுச்சு, கேட்டேன்."

நெஞ்சிலிருந்து பாரம் இறங்கியது. அது இறங்கிய இடம் காலியாகவும் இருந்தது. என் பேச்சைக் கேட்டுத்தான் அங்கே காரியங்கள் நடக்கின்றன என்று இவ்வளவு காலம் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

திரும்பி வந்த வாரமே எலெக்ட்ரிக் பிரிவுக்கு மாறுவதாக மேலாளரிடம் சொன்னேன். காரணம் கேட்டார். "எங்கள் வீட்டில் ஒன்று ஓடுகிறது" என்றேன். இங்கே இருக்கும் என் வீட்டைச் சொல்கிறேன் என்று எண்ணி, எந்த மாடல் என்று விசாரித்தார். திருத்தவில்லை.

சரவணன் தன் காரின் செயலியை என் போனிலும் போட்டுக் கொடுத்திருக்கிறான். மாமியார் வீட்டில் சார்ஜருக்குத் தனி இணைப்பு வாங்கிவிட்டான். அப்படியும், கூட்டங்களுக்கு நடுவே எடுத்து எடுத்துப் பார்க்கிறேன். இருபதுக்குக் கீழே போனால் எனக்கு இருப்புக்கொள்வதில்லை.

இந்த மார்ச்சில் ஒரு காலை, அலுவலக வாகன நிறுத்தத்தில் பனி இன்னும் கரையவில்லை. ஆரணியில் அப்போது பகல் ஒரு மணி. செயலியைத் திறந்தேன். கார், குழந்தைகள் ஆஸ்பத்திரி எதிரே வெயிலில் நின்றது. உள்ளே வெப்பம் ஐம்பத்திரண்டு, பேட்டரி எழுபத்தொன்று. குழந்தைக்குத் தடுப்பூசி போட்டுக்கொண்டு சரவணனும் கலைவாணியும் வெளியே வரும் நேரம். கையுறையைக் கழற்றினேன். ஏ.சி.யை இங்கிருந்தே போட்டேன். விரல்கள் விறைத்துப்போக, அந்த எண் ஐம்பதாகி, நாற்பதாகி, முப்பதாகி, குழந்தைக்குத் தாங்கும் அளவுக்குக் குளிரும்வரை பனியில் நின்றுகொண்டிருந்தேன்.