மந்தையில் சொல்ல வேண்டியது

வெளிநாட்டுப் படம் பார்த்துவிட்டு வருகிறவர்கள் என்னிடம் கேட்பதுண்டு. பன்னிரண்டு பேர் ஓர் அறைக்குள் உட்கார்ந்து தூக்கா, ஆயுளா என்று பேசி முடிவெடுப்பார்களாமே, இங்கே அப்படி இல்லையா? இல்லை. ஜூரியை எடுத்துப் பல காலமாகிறது. ஒரே ஒரு நீதிபதி, ஒரு மத்தியான இடைவேளை, அவ்வளவுதான். பன்னிரண்டு பேர்தான் வேண்டுமென்றால் கோர்ட்டு வாசல் டீக்கடைக்குப் போகலாம். அன்றைக்கு அங்கே வடையைக் கடித்துக்கொண்டே எல்லோரும் தூக்கு என்று தீர்மானித்திருந்தார்கள். எனக்கு வந்த எரிச்சலில் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன்.

அவர்கள் தூக்கில் போட்டுக்கொண்டிருந்த ஆளுக்கு நான்தான் வக்கீல். சொந்தமாக வக்கீல் வைக்க வசதியில்லாதவர் என்பதால் இலவச சட்ட உதவியில் என்னைப் போட்டிருந்தார்கள். ராயப்பன்பட்டிப் பக்கத்துக் கிராமம். அண்ணனும் தம்பியும் பக்கத்துப் பக்கத்தில் திராட்சைத் தோட்டம் வைத்திருந்தார்கள். கிணறு பொது. தண்ணீர் பாய்ச்சும் முறையில் வருடக்கணக்காகத் தகராறு. ஒரு நாள் காலையில் தம்பி அரிவாளை எடுத்துவிட்டார். அண்ணன் விழுந்தார். தடுக்க ஓடிவந்த அண்ணன் மகனும் விழுந்தான். அவன் பள்ளிக்கூடச் சட்டையோடு கிடந்த படம் கேஸ் கட்டில் இருக்கிறது. அந்தப் பக்கத்தை நான் புரட்டிவிட்டுப் போய்விடுவேன், பார்க்க மாட்டேன்.

கொலை நிரூபணமாகிவிட்டது. மிச்சம் இருந்தது தண்டனை மட்டும். அதற்கு முன்னால் நீதிபதி குற்றவாளியையே கூப்பிட்டு, தண்டனை பற்றி என்ன சொல்கிறாய் என்று கேட்க வேண்டும். சட்டம் அப்படி. அந்த ஆள் திருந்துவாரா, வருந்துகிறாரா என்று நீதிபதி எடை போடுவதற்குக் கிடைக்கிற கடைசி வாய்ப்பு அது. ஆகவே தாழ்வாரத்தில் போலீஸ்காரர்கள் நடுவில் வைத்து அவருக்குச் சொல்லிக் கொடுத்தேன். செய்தது தப்பு என்று சொல்லுங்கள், இரண்டு பிள்ளைகள் இருப்பதைச் சொல்லுங்கள், குறைத்துக் கொடுங்கள் என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

"சரிங்கம்மா" என்றார்.

உள்ளே நீதிபதி கேட்டார். அவர் வடக்கு மாவட்டத்துக்காரர், நல்ல மனுஷர், நிதானமாகத்தான் கேட்டார். என் ஆள் கூண்டுக்குள் முட்டி போட்டு, கம்பியில் நெற்றி படக் கும்பிட்டார்.

"ஐயா என்ன தண்டனை குடுத்தாலும் கட்டுப்படுறேன்."

அவ்வளவுதான். பிள்ளைகளும் இல்லை, தப்பும் இல்லை. நீதிபதி சொன்னதை டைப்பிஸ்ட் அடித்தார்: குற்றவாளி தண்டனையைக் குறைக்குமாறு எதுவும் கோரவில்லை.

அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்று எனக்குப் புரிந்தது. நானும் இந்தக் கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்தவள்தான். எங்கள் ஊர் மந்தையில், ஊரே கூடும் பொட்டலில், கூட்டம் போட்டுத் தீர்ப்புச் சொல்வதைப் பார்த்திருக்கிறேன். தப்புச் செய்தவன் விழுந்து கும்பிட்டு, ஊர் என்ன சொன்னாலும் கட்டுப்படுகிறேன் என்பான். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசக்கூடாது. குறைத்துக் கொடுங்கள் என்று அவனே கேட்டால், பேரமா பேசுகிறாய் என்று தண்டனை கூடும். குறைக்கச் சொல்ல வேண்டியது பாதிக்கப்பட்ட வீட்டுக்காரர்கள். விழுந்துவிட்டான், போதும் என்று அவர்களில் ஒருவர் எழுந்து சொல்வார். என் ஆள் தன்னால் முடிந்த மட்டும் கெஞ்சிவிட்டார். அது மன்னிப்புக் கேட்டது என்று தெரிந்தவர்கள் அந்த அறையில் மூன்று பேர்தான்.

நான் எழுந்து இதை விளக்கினேன். நீதிபதி குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு அவரையே மறுபடி கேட்டார். "தண்டனையைக் குறைக்கணும்னு நினைக்கிறீங்களா? நினைச்சா வாயைத் திறந்து சொல்லுங்க."

"கட்டுப்படுறேன்யா."

சொல்லிவிட்டு அவர் என்னைப் பார்க்கவில்லை, நீதிபதியைப் பார்க்கவில்லை. பின் பெஞ்சைப் பார்த்தார். அங்கே அவருடைய மதினி உட்கார்ந்திருந்தார். புருஷனையும் மகனையும் பறிகொடுத்தவர். விசாரணை நாள் தவறாமல் வந்து, ஒரு வார்த்தை பேசாமல் போகிறவர். அவர் மெல்ல எழுந்து நின்றார்.

"யாரும்மா அது? உங்க தரப்புல பேச அரசு வக்கீல் இருக்காரு. உட்காருங்க" என்றார் நீதிபதி.

அந்த அம்மா என்ன சொல்ல வருகிறார் என்று ஒரு நிமிடம் கேட்கும்படி கெஞ்சினேன். அரசு வக்கீல், சாட்சி விசாரணை முடிந்துவிட்டது என்று எழுந்தார். சட்டப்படி அவர் சொன்னதும் சரிதான். பெண் போலீஸ் ஒருவர் அந்த அம்மாவின் தோளைத் தொட்டார். அவர் உட்கார்ந்துவிட்டார்.

சாப்பாட்டுக்குப் பிறகு தீர்ப்பு வந்தது. தூக்கு. வருத்தம் காட்டவில்லை என்பதும் அதற்கு ஒரு காரணம். என் ஆள் மறுபடி கும்பிட்டார். அவரை வேனில் ஏற்றும்வரைகூட நான் நிற்கவில்லை. அந்த அம்மாவைத் தேடி ஓடினேன்.

தேனி பஸ் ஸ்டாண்டில் கம்பம் வண்டி நிற்கிற இடத்தில் தனியாக நின்றிருந்தார். எனக்கு மூச்சு வாங்கியது.

"அக்கா, எந்திரிச்சு நின்னீங்களே, என்ன சொல்ல நினைச்சீங்க?"

"கொறச்சுப் போடுங்கன்னு சொல்லத்தான் எந்திரிச்சேன். விழுந்துட்டான்ல. அவன் பிள்ளைக முகம் முன்னால வந்து நின்னுச்சு. உக்காருன்னாக, உக்காந்துட்டேன்."

நடுரோட்டில் அவர் காலில் விழுந்திருப்பேன். எந்தத் தூக்கும் மதுரை ஹைகோர்ட்டு உறுதி செய்யாமல் நிறைவேறாது. இதையே அங்கே ஒரு தடவை சொன்னால் போதும், நானே கூட்டிப் போகிறேன், அந்த ஆள் பிழைத்துக்கொள்வார் என்று படபடவென்று சொன்னேன். அவர் முழுசாகக் கேட்டார். கம்பம் வண்டி வந்து நின்றது. படியில் கால் வைத்துவிட்டுத் திரும்பினார்.

"உக்காந்த பெறகுதான் எம் மகன் நெனப்பு வந்துச்சு, வக்கீலம்மா. இனி என்னால எந்திரிக்க முடியாது. மறுபடி கேக்காதீக."