ஊர்காவற்றுறையில் ஒரு மழைத்தொட்டி

2003 ஐப்பசி. ஊர்காவற்றுறையில் பஸ்ஸுக்குக் காத்து நிற்கையில் மழை பிடித்துக்கொள்கிறது. பக்கத்து வீட்டுத் தாழ்வாரத்தில் ஒதுங்குகிறேன். வீட்டுக்காரி றெஜினா அக்கா முற்றத்தில் நனைந்தபடி கூரைத் தண்ணீர் ஓடிவரும் பீலியின் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். ஓட்டுத் தூசி கழுவப்பட்டு வெளியே ஓடுகிறது. தண்ணீர் தெளிந்ததும் குழாயைப் புதுச் சீமெந்துத் தொட்டிக்குள் திருப்பிவிட்டு என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்.

"மழை வருசா வருசம் பிந்துது தம்பி. கிணறும் உவராப் போச்சுது. எங்கட இவர் யாழ்ப்பாணத்துக்கே குடிபோவம் எண்டு நிண்டவர். நான்தான் தொட்டியைக் கட்டி ஒரு மாரி இருந்து பாப்பம் எண்டனான்."

"கோடை முழுக்கத் தண்ணி காணுமோ அக்கா?"

"குடிக்க, சமைக்கக் காணும். குளிக்க ஏலாது."

மழையால் மீன்பிடிக்கப் போகாத அவருடைய கணவர் தாழ்வாரத்துக் கதிரையில் இருந்து தொட்டியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

மழை விட்டதும் அக்கா தொட்டித் தண்ணீரில் பால் விடாத பிளேன்ரீ ஊற்றி எங்கள் இருவருக்கும் தருகிறார். உப்புக் கரிக்கவில்லை. கணவர் ஒரு வாய் குடிக்கிறார். இன்னொரு வாய் குடிக்கிறார். பிறகு எழுந்துபோய், பீலி போடாத மறுபக்கக் கூரையை அண்ணாந்து பார்க்கிறார்.

"இஞ்சாலையும் தொட்டி ஒண்டு கட்டுவம்" என்கிறார்.