பல் இல்லாத பல்வலி

சான்றிதழில் ஐயம் இருந்தால் ஊழியரை மருத்துவக் குழுவின் முன் நேரில் அனுப்பிவைக்க வேண்டும் என்பது விதி. அப்படி அனுப்பியிருந்தால், என் அண்ணாவின் முகத்தை யாராவது ஒருவர் பார்த்திருப்பார்.

1958இல் நாங்கள் இருவரும் ஸ்ரீரங்கத்திலிருந்து திருச்சிக்கு, ஒரே அலுவலகத்துக்கு, பஸ்ஸில் போய்வந்துகொண்டிருந்தோம். அண்ணா டைப்பிஸ்ட். நான் தபால் பிரிவு. காவிரிப் பாலத்தில் காற்று வலது கன்னத்தில் பட்டதும், மின்சாரம் தாக்கியவர்போல் துள்ளுவார். துண்டால் மூடினால் துண்டு உரசுவதே போதும். எதையும் மெல்ல முடியாது. கஞ்சியும் மோருமாகப் பாதி ஆளானார்.

பெரியாஸ்பத்திரி டாக்டர் 'முக நரம்பு வலி' என்று சரியாகவே எழுதிக்கொடுத்தார். ஆற்றைக் கடக்க வேண்டாம் என்று ஸ்ரீரங்கம் கிளைக்கு மாற்றல் கேட்டோம். மனு தலைமை அலுவலகத்திலிருந்து திரும்பிவந்தது: கண்ணுக்குத் தெரியும் காரணம் எதுவும் இல்லை.

நடைமுறை தெரிந்தவன் நான்.

"பல்வலின்னு எழுதி வாங்கிடு அண்ணா. பல்லுன்னா அவாளுக்குப் புரியும்."

"இது பல்லாடா?"

"ஃபைலுக்குப் பல்லுதான்."

பாலக்கரைப் பல் டாக்டர் எழுதியும் கொடுத்தார், ஒரு பல்லைப் பிடுங்கியும் விட்டார். தலைமை அலுவலகம் கேட்டது: பிடுங்கிய பின்னும் வலி உண்டா? எந்தப் பல்? அடுத்ததைப் பிடுங்கினார்கள். மறுபடியும் அதே கேள்வி. எட்டு மாதத்தில் வலது பக்கம் காலி.

"பல் போன இடத்துல பல் வலிக்கறது," என்றார் அண்ணா, உதட்டை அசைக்காமல். "இதை எந்தக் கட்டத்துல எழுதுவே?"

பிற்காலத்தில்தான் படித்தேன். மூளைக்குள் நுழையும் இடத்தில் முக நரம்பின் உறை தேய்ந்துவிட்டால், தொடுகையைச் சொல்லும் இழையின் சேதி பக்கத்து வலி இழைக்குத் தாவிவிடுமாம். அடுத்த நரம்புச் செல் விசாரிக்காமல் வாங்கி மேலே அனுப்பும். பல் என்று மூளை முடிவு செய்யும். பட்டதோ வெறும் காற்று. எங்கள் அலுவலகத்தில் சேதியை அப்படித் தாவவிட்டவன் நான்.

அடுத்த ஆண்டு ஒரு காலை, பாலத்தின் நடுவில் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி அண்ணா இறங்கினார். ராஜினாமாக் கடிதத்தை என் சட்டைப் பையில் செருகிவிட்டு, முகத்தைப் பொத்திக்கொண்டு வீட்டை நோக்கி நடந்தார்.

அதை நான் கொடுப்பதற்குள் அன்றைய தபால் வந்துவிட்டது. மனுதாரரின் பற்கள் அகற்றப்பட்டுவிட்டபடியால் காரணம் நீங்கியது, மாற்றல் அவசியமில்லை. வந்த தேதியைக் குத்துவது என் வேலை. குத்தினேன்: 14 செப்டம்பர் 1959.